கடைசிப் பக்கவியல்: ஓர் அறிமுகம்

பானை ஓட்டில் கீறியதை ஆராய்ந்துவிட்டார்கள். சமணப் படுக்கைக்கு மேலே வெட்டியதை ஆராய்ந்துவிட்டார்கள். கோயில் அதிட்டானத்தில், செப்பேட்டில், நடுகல்லில் இருப்பதெல்லாம் முடிந்து, லாரிக்குப் பின்னால் எழுதியிருப்பதைக்கூட யாரோ தொகுத்துவிட்டார்கள். கல்லூரி மாணவனின் லாங் சைஸ் நோட்டில் கடைசிப் பக்கத்தை மட்டும் இதுவரை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்தத் துறைக்குக் ‘கடைசிப் பக்கவியல்’ என்று பெயரிட்டு, அதன் தந்தை என்ற பட்டத்தையும் வேறு யாராவது கேட்பதற்குள் எனக்கு நானே சூட்டிக்கொண்டு, இவ்வாய்வைத் தொடங்குகிறேன்.

முதலில் இலக்கணம். 192 பக்க நோட்டில் முன்பக்கத்திலிருந்து வருவதெல்லாம் மாணவனின் கை எழுதியது. மாணவன் எழுதியது என்று சொல்ல முடியாது. சார் சொன்னார், கை எழுதியது. சாருக்கு அவருடைய சார் சொன்னது. பின்னட்டையிலிருந்து கிளம்புவதுதான் அவனுடைய சொந்த எழுத்து. முன்னிருந்து பாடமும் பின்னிருந்து வாழ்க்கையும் புறப்பட்டு, செமஸ்டர் முடிவதற்குள் எங்கோ நடுவில் சந்திக்கப் பார்க்கும். நான் பார்த்தவரை சந்தித்ததில்லை. இடையில் வெள்ளைத் தாள் மிஞ்சும். அதில் அம்மா பால் கணக்கு எழுதுவார்.

இனி மூலங்கள். 2012 முதல் 2016 வரை நெல்லைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள் ஈ படித்தேன். எட்டு செமஸ்டர், செமஸ்டருக்கு ஆறு பாடம் என்று வைத்தால் 48 நோட்டுகள் இருந்திருக்க வேண்டும். கிடைத்தவை 11. ஏட்டுச் சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட கதையை உ.வே.சாமிநாதையர் வயிறெரிந்து எழுதிவைத்திருக்கிறார். நம் காலத்தில் அந்த ஆற்றுக்குப் பழைய பேப்பர் கடை என்று பெயர். “ஏய்யா, பரணில கெடந்த குப்பையப் போட்டுட்டு ஒரு வாளி வாங்கிட்டேன்” என்று அம்மா போனில் சொன்னபோது, 37 சுவடிகள் அழிந்த செய்தி எனக்குக் கிடைத்தது. அரிசி மூட்டைக்கு ஈரம் ஏறாமலிருக்க அடியில் பரப்பியிருந்ததால் மற்ற 11 தப்பின. அரிசிக்கு இத்துறை என்றும் கடன்பட்டது.

காலக் கணிப்பில் சிரமமில்லை. மண்ணடுக்கில் கறுப்பு சிவப்புப் பானை ஓடு கிடைத்தால் தொல்லியலாளர் எப்படி ஒரு முடிவுக்கு வருவாரோ, அதுபோல நமக்கு மதிப்பெண். ‘16 மார்க்’ என்று எழுதியிருந்தால் அது அண்ணா பல்கலைக்கழகத்தின் பழைய அடுக்கு: இரண்டு மார்க் பத்து, பதினாறு மார்க் ஐந்து. ‘13 மார்க்’ என்றிருந்தால் அதற்குப் பிந்திய அடுக்கு; அதில் 13 மார்க் ஐந்தும் 15 மார்க் ஒன்றும் வரும். இன்டர்னல் 20, செமஸ்டர் 80 என்று கூட்டிக்கொண்டிருந்தால் பழையவர். 40, 60 என்று கூட்டினால் 2021 ஒழுங்குமுறைக்காரர். கார்பன் பரிசோதனை தேவையே இல்லை. செலவு மிச்சம்.

பக்கத்தின் மேல்மூலையில் எப்போதும் இருப்பது சுருள் கிறுக்கல். எழுதாத பேனாவை எழுதவைக்கும் முயற்சி அது. இங்க் வராத இடத்தில் வெறும் தடம் மட்டும் பதிந்திருக்கும். விளக்கொளியில் சாய்த்துப் பிடித்துப் படிக்க வேண்டும். இங்க் வந்தவுடன் மாணவன் எழுதும் முதல் சொல் அவன் பெயர். விதிவிலக்கே இல்லை. கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் ‘குவிரன் ஆதன்’ என்று கீறியிருக்கிறதே, அந்த ஆதனும் கையில் புது எழுத்தாணி கிடைத்தவுடன் கீறிப் பார்த்தவனாக இருக்கலாம் என்று தாழ்மையுடன் முன்வைக்கிறேன். அறிஞர்கள் கோபிக்க வேண்டாம்.

பெயருக்குக் கீழே கையெழுத்துகள். அவை பெரும்பாலும் அப்பாவுடையவை. போட்டவர் அப்பா இல்லை. மூன்றாம் செமஸ்டர் சுவடியொன்றில் என் தந்தையார் கையெழுத்து பதின்மூன்று முறை வருகிறது. முதலாவது நண்டு ஊர்ந்ததுபோல் இருக்கிறது. பதின்மூன்றாவதில் அந்தக் கடைசி ‘ன்’ சுழிந்து மேலேறும் அழகை அவரே மெச்சியிருப்பார். சில வருடங்களுக்கு முன் ஒரு வங்கியில் அவருடைய காசோலையைக் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். வயதாகிக் கை நடுங்குகிறது. வங்கிப் பதிவேட்டில் இருக்கும் பழைய மாதிரியோடு அட்சரம் பிசகாமல் ஒத்துப்போகும் கையெழுத்து உலகத்தில் இப்போது ஒன்றுதான் உண்டு. அதை வெளியே சொல்ல முடியாது.

அடுத்து அட்டெண்டன்ஸ் கணிதம். ஒரு பாடத்துக்கு 45 பீரியட். 75 சதவீதம் வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை மாணவன் திருப்பிப் போட்டு, 25 சதவீதம் வரவேண்டாம் என்று வாசிக்கிறான். 45-இல் 25 சதவீதம் 11.25. பதினொன்று போக மிஞ்சும் அந்தக் கால் பீரியடை எங்கே எப்படிக் கட் அடிப்பது என்று ஒரு சுவடியில் தனியே கட்டம் போட்டு ஆராய்ந்திருக்கிறேன். கடைசிப் பன்னிரண்டரை நிமிடம் என்று விடை வந்திருக்கிறது. இதே கவனத்தை மேட்ரிக்ஸில் காட்டியிருந்தால் எம்-ஒன் அரியர் விழுந்திருக்காது. 65-க்கும் 75-க்கும் நடுவே இருப்பது நானிலத்தில் சேராத பாலை. அதைக் கடக்க மருத்துவச் சான்றிதழும் அபராதமும் வேண்டும். அக்டோபரிலும் மார்ச்சிலும் எங்கள் விடுதியில் மஞ்சள் காமாலை கடுமையாகப் பரவும். யாருக்கும் கண் மஞ்சளானதில்லை.

இத்துறையின் இதயத்துக்கு வருகிறேன்: ஃப்ளேம்ஸ். இரண்டு பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி, பொது எழுத்துகளை அடித்துவிட்டு, மிஞ்சியதை எண்ணி, அந்த எண்ணை வைத்து எஃப், எல், ஏ, எம், ஈ, எஸ் என்ற ஆறையும் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒன்று நிற்கும். நட்பு, காதல், பாசம், கல்யாணம், பகை, சகோதரி. தொல்காப்பியர் கைக்கிளை முதல் பெருந்திணை வரை ஏழு வகுத்தார். ஃப்ளேம்ஸ் ஆறோடு நிறுத்திக்கொண்டது. விட்டுப்போனது கைக்கிளை. ஃப்ளேம்ஸ் போடுகிறவன் உட்கார்ந்திருப்பதே அந்தத் திணையில்தான் என்பதால் அதைத் தனியாகக் கேட்கத் தேவையில்லை.

இது விளையாட்டு என்று நினைத்திருந்தேன். கணிதத்தில் இதற்கு ஜோசிஃபஸ் கணக்கு என்று பெயர். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் அவர். ரோமானியப் படை சூழ்ந்த குகையில் தோழர்கள் முறைவைத்துச் செத்துக்கொண்டே வர, கடைசியில் மிஞ்சிய இருவரில் ஒருவர். அவர் தப்பித்த கணக்கில்தான் நம் பையன்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து 1 முதல் 20 வரை போட்டுப் பார்த்தேன். பகை ஐந்து இடத்தில் வருகிறது, நட்பு ஐந்து இடத்தில், பாசம் நான்கில். கல்யாணம் 6, 11, 15 என மூன்று இடத்தில். காதல் 10-க்கும் 19-க்கும் மட்டும். காதலைவிடக் கல்யாணம் சுலபம் என்று நம் பெற்றோர் சொல்வது கணித முறைப்படியும் சரியே. எல்லோரும் பயப்படும் சகோதரி ஒரே ஓர் எண்ணுக்குத்தான்: 1. நான்கு ஆண்டுகள் எத்தனை பேர் இதற்காகத் தூக்கம் கெட்டார்கள்! விடைகள் 60-க்கு ஒருமுறை திரும்புகின்றன. ஒன்று முதல் ஆறு வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண் அது. பிரபவ முதல் அட்சய வரை நம் ஆண்டுகளும் 60-இல்தான் திரும்புகின்றன. தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

நான்காம் செமஸ்டர் சுவடியில் ஒரு தடயம் இருக்கிறது. முதலில் 9 வந்திருக்கிறது, விடை பகை. அதைக் கிறுக்கி அடித்துவிட்டு, பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் சேர்க்கப்பட்டிருக்கிறது. 10, காதல். அடுத்த வரியில் ஊர்ப் பெயரின் இனிஷியலும் ஏறுகிறது. 11, கல்யாணம். பகைக்கும் கல்யாணத்துக்கும் நடுவே அப்பா பெயர், ஊர்ப் பெயர் என்ற இரண்டே எழுத்துதான் தூரம் என்ற இந்தக் கண்டுபிடிப்பை எந்தக் கல்யாணத் தரகரிடமும் உறுதிசெய்துகொள்ளலாம். அந்தப் பெண்ணின் பெயரைச் சுவடியில் பூச்சி அரித்துவிட்டது. நல்ல பூச்சி.

இரட்டை மை உரையாடல்களைப் பற்றி ஒரு வார்த்தை. வகுப்பில் வாய் திறக்கக்கூடாது என்பதால் பக்கத்துப் பெஞ்சுக்காரனோடு எழுத்தில் பேசியவை. ஒருவர் நீலம், ஒருவர் கறுப்பு. மாதிரிக்கு ஒன்று, பாடபேதமின்றி:

“மெஸ்ல என்னல?”

“சேமியா.”

“செத்தம்.”

“கேன்டீன் போவமா?”

“துட்டு?”

“அவன்ட்ட கேப்பம்.”

இந்த இலக்கிய வகை செப்டம்பர் 2016-இல் ஜியோ வந்ததோடு அருகத் தொடங்கியது. இப்போது வாட்ஸப்பில் பேசுகிறார்கள். அட்டெண்டன்ஸ் கணக்கையும் செயலியே போட்டுத் தருகிறது. கடைசிப் பக்கம் வெள்ளையாகவே எடைக்குப் போகிறது.

எஞ்சியிருப்பது கோடைப் பட்டியல். இது தேதியிட்டு எழுதப்படும் ஒரே வகை. தேதிகளை ஒப்பிட்டதில் ஒன்று தெரிந்தது: பட்டியல்கள் எல்லாமே ஏதாவது ஒரு தேர்வுக்கு முந்தின இரவில் எழுதப்பட்டவை. மூன்று யூனிட் முடித்திருந்தால் பட்டியலில் நான்கு ஆசை. ஒரு யூனிட்டைக்கூடத் திறக்கவே இல்லையென்றால் பதினொன்று. படிக்காத யூனிட்டின் இடத்தில் ஆசை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

2013 பட்டியல்: டைப்ரைட்டிங் லோயர். காலையில் ஓடுவது. பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். ஸ்போக்கன் இங்கிலீஷ். கார். குற்றாலம் (எல்லாரும்). 2014 பட்டியல்: மேற்படி, ஓட்டம் நீங்கலாக, எம்-ஒன் அரியர் உட்பட. 2015 பட்டியலில் ‘கோவா’ என்று ஒரு சொல் வருகிறது, மேலும் விளக்கமில்லை.

நடந்தது என்ன என்பதற்கு வேறு சான்றுகளை நாட வேண்டியிருக்கிறது. டைப்ரைட்டிங் வகுப்புக்கு ஒன்பது நாள் போனேன். ஏ எஸ் டி எஃப் தாண்டி மேல்வரிசைக்கு ஏறுவதற்குள் சுண்டுவிரல் வீங்கிவிட்டது. பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் இன்னும் வீரநாராயண ஏரிக்கரையிலேயே குதிரையோடு நிற்கிறான். குற்றாலம் போகாததற்கு நாங்கள் காரணமில்லை, இயற்கை. அருவி விழுவது தென்மேற்குப் பருவமழைக்கு, ஜூனில் சாரல் தொடங்கிய பிறகு. மே மாதம் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். சாரல் களைகட்டும்போது கல்லூரி திறந்திருக்கும், கையில் புது 11.25 இருக்கும்.

ஆக, மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரத்தில், எதிர்கால மின்பொறியாளர் ஒருவர் தலையில் ஈரத்துண்டோடு மொட்டைமாடியில் உட்கார்ந்து கூழ்வற்றலுக்குக் காக்கா ஓட்டினார். வெள்ளை வேட்டியில் அம்மா பிழிந்துவிட்டுப் போன வற்றல், ஓரம் காய்ந்து நடு இன்னும் பிசுபிசுக்கும். அந்தப் பதத்தில் ஒன்றிரண்டை எடுத்து வாயில் போட்டால் உப்பும் பச்சைமிளகாயும் புளிப்புமாக இருக்கும். காக்கையைவிட அதிகம் தின்றது யார் என்பது அம்மாவுக்குத் தெரியும், கேட்டதில்லை.

அப்படியொரு கோடையில்தான் பக்கத்து வீட்டு அத்தை மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “கரண்டுக்குத்தான படிக்க? இத என்னன்னு பாருய்யா, சட்னி பாதியில நின்னுபோச்சு.” அப்போது நான் நான்கு செமஸ்டர் முடித்திருந்தேன். டிசி மெஷின் எழுதியாகிவிட்டது. யுனிவர்சல் மோட்டாரின் டார்க் வளைவைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன், பதினாறு மார்க்குக்கு. மிக்சியைக் கவிழ்த்துப் பார்த்தேன், நிமிர்த்திப் பார்த்தேன், திருகாணி நான்கையும் கழற்றினேன், மூன்றை மாட்டினேன். கடைசியில் தெருமுனை மெக்கானிக் அண்ணன் வந்து, அடியில் இருந்த சிவப்புப் பட்டனைப் பெருவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். ஓடியது. “லோடு கூடுனா அதுவே கட் ஆயிரும், தம்பி. ஆறவிட்டு அமுக்கணும்.” காசு வாங்கவில்லை. இது எந்த நோட்டின் முன்பக்கத்திலும் இல்லை. ஐந்தாம் செமஸ்டர் சுவடியின் கடைசிப் பக்கத்தில், ஒரு ஓரமாக, சிவப்பு மையில் ‘மிக்சி – அடியில்’ என்று இருக்கிறது.

முடிவாக, தீராத ஒரு சிக்கல். எட்டாம் செமஸ்டர் சுவடியில், தேர்வுக்கு முந்தின நாள் எழுதிய கணக்கு இது: டீ 14, ஜெராக்ஸ் 22, பஸ் 9, ‘அவன் – 85’. அவன் யார் என்பது தெரியும். முன்சொன்ன உரையாடலில் வரும் அதே அவன்தான். எங்கள் பெஞ்சின் கஜானா. சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. இது வேற்றுமைத் தொகை. உருபு மறைந்து நிற்கிறது. நான்காம் வேற்றுமையாக விரித்தால் ‘அவனுக்கு 85’. ஏழாம் வேற்றுமையாக விரித்தால் ‘அவனிடம் 85’. ஒன்றில் நான் கடன்காரன், மற்றதில் அவன். இடச்சூழலை வைத்து எவ்வளவு பார்த்தும் தீர்மானிக்க முடியவில்லை.

அந்த அவன் இதைப் படிக்க நேர்ந்தால், எந்த வேற்றுமை என்பதை மட்டும் தெரிவிக்க வேண்டுகிறேன். நான்காவதென்றால் உடனே அனுப்பிவிடுகிறேன். ஏழாவதென்றால் அசல் போதும்.