இன்னும் கொஞ்சந்தான்

முழங்காலுக்குச் சித்தாலேப்பை தேய்த்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்தில் கொஞ்சம் எரிச்சல் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் குடும்பத்தோடு மலையேறும்போது கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால், எதிரே இறங்கி வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை.

பிதுரங்கல போவதென்று முடிவெடுத்தது மச்சினன். கொழும்பில் வேலை, கையில் காலடி எண்ணும் கடிகாரம். சிகிரியாவை ஒழுங்காகப் பார்க்க வேண்டுமானால் சிகிரியாவில் ஏறக்கூடாதாம், பக்கத்துப் பிதுரங்கலயில் ஏற வேண்டுமாம். கல்லைப் பார்க்க இன்னொரு கல்லா? கீழே நின்று அண்ணாந்தால் இரண்டும் தெரியுமே என்றேன். யார் கேட்டார்கள்?

போனது சூரிய உதயம் பார்க்க. இடியப்பம் அவித்து, சம்பல் இடித்து, மாமியார் கொண்டை போட்டு முடித்து வேன் மாத்தளையை விடும்போதே சூரியன் வேலைக்கு வந்துவிட்டது. ஆகவே நாங்கள் ஏறத் தொடங்கிய நேரமும், உதயம் பார்த்த மொத்தக் கூட்டமும் இறங்கத் தொடங்கிய நேரமும் ஒன்று.

படி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு பையன், "இன்னும் கொஞ்சந்தான் அங்கிள்" என்றான். அங்கிளை மன்னித்தேன். மூச்சு வாங்க இன்னும் ஏறி அடுத்தவரைக் கேட்டால் "பத்து நிமிஷம்". அதற்கும் மேலே ஒருவர் "இருபது நிமிஷம்". ஏற ஏறத் தூரம் வளர்கிற மலை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று "கிட்டத்தான் அண்ணை, ஒரு எட்டு" என்றது. அந்த எட்டை யார் காலால் அளந்தார்களோ. சிங்களத்திலும் இதே பொய், ஆங்கிலத்திலும் இதே பொய். இந்த ஒரு விஷயத்தில் நாட்டில் இன ஒற்றுமைக்குக் குறைவில்லை. சிலர் வாயே திறக்காமல் கட்டை விரலை மட்டும் தூக்கிக் காட்டுகிறார்கள். தூரத்தைக் கேட்டால் "வியூ சூப்பர்" என்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பாராளுமன்றத்துக்கே அனுப்பலாம். இவர்கள் எல்லோருக்கும் முன்னால் இறங்கியவன் ஒருவன் இதே பொய்யைச் சொல்லியிருக்கிறான். அதை இன்னொருவர் தலையில் கட்டாமல் வேனில் ஏற மனம் வருமா?

அந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், பொறுங்கள்.

"நம்ம பாட்டன்மார் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே வந்தவங்க அத்தான், நமக்கு இதெல்லாம் ஒரு மலையா?" என்றான் மச்சினன். வந்தார்கள்தான். கோப்பிக் காலத்தில், இதோ இந்தத் தம்புள்ளைப் பக்கத்துக் காட்டு வழியாகத்தான் வந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்த இருநூறாண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டம் நடந்தே வந்தபோது, இவன் ஃபேஸ்புக்கில் லைக் போட்டான். சரி, பாட்டனைக் கூட்டி வந்த கங்காணி வழியெல்லாம் என்ன சொல்லியிருப்பான்? செடித் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள் பிடித்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். மாசிக் கருவாட்டையே மண்ணுக்கடியில் விளைய வைத்தவன், தூரத்தை மட்டும் உள்ளபடி சொல்லியிருப்பானா?

பாதி வழியில் செங்கல்லால் கட்டிய சயன புத்தர். கும்பிட்டுவிட்டுப் பக்கத்துக் கல்லில் நானும் சாய்ந்தேன். மகள் எழுப்பிவிட்டாள். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் சிகிரியாக் கல்லில் ஏறினான் என்றால் அவனுக்குக் காரணம் இருந்தது: அப்பன் தாதுசேனனைக் கொன்றவன், சகோதரன் முகலன் படையோடு வருவான் என்ற பயம். நான் யாரைக் கொன்றேன்?

கடைசியில் பாறைகளுக்கு நடுவே ஒரு இடுக்கு. மேலேயிருந்து முன்பின் தெரியாத பையன் ஒருவன் கையைப் பிடித்து இழுத்தான், கீழேயிருந்து மனைவி தள்ளினாள். நானும் சம்மதம்தான், வயிறுதான் சம்மதிக்கவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று அங்கேயே தங்கிவிட்டது.

உச்சி நன்றாகத்தான் இருந்தது. மொட்டைப் பாறை, காற்று, எதிரே சிகிரியா. அதை உள்ளங்கையில் ஏந்தி நிற்பதுபோல் படமெடுக்க மச்சினன் கையை நீட்டியபடி நின்றான். "கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கீழே" என்று மகள் அரை மணி நேரம் அவனை அசைத்துக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது என் வயதுள்ள ஒரு அம்மா, படியில் கையூன்றி நின்று, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். "முக்கால் மணித்தியாலம். கடைசியில் பாறையில் தவழ வேண்டும். கால் வலி இருந்தால் இப்படியே திரும்பிவிடுங்கள்" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. அவருடைய கணவர், நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது குறுக்கே போன பூனையைப் போல என்னைப் பார்த்தார். "ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள் மனைவி. பின்னால் வந்த மகள், "அப்பா சும்மா சொல்றார் ஆன்ட்டி, அஞ்சே நிமிஷம்" என்றாள்.

"நல்லா இருப்பீங்க மகள்" என்று அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கினார். எனக்கு வேன் வரைக்கும் அர்ச்சனை.