மாத்தவா, மாட்டவா?

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில், வயது ஏற ஏற மதிப்பும் ஏறுகிற பாக்கியம் இலங்கையில் இரண்டே சாராருக்கு வாய்த்திருந்தது: பழைய அரசியல்வாதிகள், பழைய வாகனங்கள். அரசியல்வாதிகளின் ஜாதகம் 2022இல் மாறிப்போனது. வாகனங்களின் ஜாதகம் கடைசிவரை அசையவில்லை.

வாங்கிய விலைக்கு மேல் விற்கலாம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் விற்றவன் அந்தக் காசில் எதை வாங்குவான்? விற்றதைவிடப் பழையதை, அதைவிடக் கூடின விலைக்கு. ஆகவே ஜனங்கள் வேறு இரண்டு வழிகளில் இறங்கினார்கள். ஒன்று, வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்வது. மற்றது, இருக்கிற வண்டியில் எதையாவது மாட்டுவது. இறக்குமதி திறந்த பிறகு புது வண்டியின் விலையைக் கேட்டுப் பார்த்த எங்கள் ஊவாக்காரர்கள், மரியாதையாக அந்த இரண்டு வழிக்கே திரும்பி வந்துவிட்டார்கள்.

என்னிடம் இருப்பது ஒரு பட்டா. தமிழ்நாட்டில் குட்டி யானை என்பார்களே, அந்த டாட்டா ஏஸ்தான். இந்தியாவில் 2005இல் வந்தது. இங்கே டிமோ பட்டா என்று பெயரெடுத்து, பிறகு வெறும் பட்டாவாக எல்லார் வாயிலும் நின்றுவிட்டது. 702 சீசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரை வலு, 750 கிலோ பாரம். சமதரையில் தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட் பெட்டியும் ஏற்றித் திரிய இது தாராளம். பசறைக்கு மேலே, தோட்டத்து ரோட்டில், குதிரைகளின் எண்ணிக்கையே சந்தேகத்துக்கு உள்ளாகிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். டர்போ இல்லாத இஞ்சின் நூறு மீற்றருக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு வலுவை விட்டுக்கொடுக்கும். பதுளை நகரம் கிட்டத்தட்ட 680 மீற்றரில் இருக்கிறது. நமுனுகுல மலையின் உச்சி 2,036 மீற்றர். இடையில் பண்டாரவளை அளவு உயரம் வந்ததும், 16 குதிரைகளில் இரண்டு லீவு போட்டுவிடும். மீதிப் பதினாலும் சேர்ந்து கரட், லீக்ஸ், கோவா மூட்டைகளை கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு இழுத்துப் போகும். திரும்பி வரும்போது சீமெந்து.

இந்த நிலையில்தான் பண்டாரவளைப் பக்கத்துத் தம்பி ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவரிடம் பத்தரை அடி லொறி ஒன்று இருந்தது.

"அண்ணே, ஒங்க பட்டாவக் குடுங்க, மேல கொஞ்சம் காசு வைங்க, இத எடுத்துட்டுப் போயிருங்க. இனிமே ஏத்தத்துல ஒங்களுக்கு ஃபர்ஸ்ட் கியரே தேவப்படாது."

சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றிக் காட்டினார். கபின், எண்பதுகளின் ஜப்பான். இஞ்சின், ஒரு வேனிலிருந்து. கியர்பொக்ஸ், வேறொரு லொறியிலிருந்து. பின் அச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரிடம் இரண்டு விடைகள் இருந்தன. 2015இன் நல்லாட்சி அரசாங்கத்தைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இந்த அமைப்பு புதிதல்ல. எல்லாரும் ஒரே திசையில் இழுக்கும்வரை குறை சொல்ல முடியாது.

மேலே மாட்டியவை தனிக் கணக்கு. ஸ்பிரிங் பிளேட் கூடப் போட்டு வண்டியைத் தூக்கியிருந்தார். கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயர். கபினின் தலையில் வரிசையாக விளக்குகள்; போட்டால் எதிரே வருகிறவர் தன் பாவங்களை நினைத்துக்கொள்வார். ஹோனை அமுக்கினால் ஒரு சினிமாப் பாட்டின் பல்லவி முழுதாக வரும். வழி கேட்கிறோமா, கச்சேரி வைக்கிறோமா என்று தெரியாமல் முன்னால் போகிறவர் சரணத்துக்காகக் காத்திருப்பார்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை, ஏனென்றால் எங்கள் லயத்தில் எதையும் மறைக்க முடியாது. தோட்டத்தில் லொறி வைத்திருப்பவன் அதன் சொந்தக்காரன் இல்லை, பொறுப்பாளன்தான். பகலில் அது மரக்கறி லொறி. ராத்திரி யாருக்காவது வலி எடுத்தால் பதுளை ஆஸ்பத்திரி அம்புலன்ஸ். கல்யாணத்தில் பெண் வீட்டாரின் பஸ். திருவிழாவில் சாமிக்கே வாகனம். சட்டம் இதையெல்லாம் எப்படிப் பார்க்கும் என்று பொலிஸைத் தவிர யாரும் கேட்டதில்லை. ஆகவே வண்டியை மாத்தவா, உள்ளதிலேயே மாட்டவா என்ற கேள்வி என் வீட்டுக் கேள்வியாக அரை மணி நேரம்கூட இருக்கவில்லை.

முதலில் மாமா வந்தார். "மாத்திருங்க மாப்ள. பட்டா ஒரு வண்டியா? பொம்பளைங்க ஓட்டுற சாமான்."

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அப்பிடின்னா சாவிய எங்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க மாமா. 2022ல டீசல் லீற்றர் 460 ரூவா வித்தத நான் மறக்கல. அந்தப் பெரிய வண்டி எவ்வளவு குடிக்கும்னு மொதல்ல கேட்டுட்டு வாங்க."

மாமா தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

கோவில் கமிட்டித் தலைவருக்கு பத்தரை அடி பிடித்திருந்தது. சாமி, குருக்கள், மேளக்காரர், ஜெனரேட்டர் எல்லாரும் ஒரே வண்டியில் அடங்குவார்கள்; இப்போது பட்டாவில் சாமிக்கும் ஜெனரேட்டருக்கும் இடையில் வருடா வருடம் இடத்தகராறு. பையன்களுக்கு லொறி எதுவானாலும் சரி, ஸ்பீக்கர் வேண்டும். கிழவிகள் கேட்டது ஒன்றே ஒன்று: ஏறுவதற்கு ஒரு படி. தூக்கி வைத்த அந்த லொறியை அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அம்மா மட்டும் வண்டியைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள். "இம்புட்டுச் செலவழிச்சுக் கட்டின வண்டியக் குடுத்துட்டு, இந்தச் சின்ன வண்டிய ஏன்டா கேக்குறாரு?"

அந்தக் கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு பதுளையில் எங்கள் கராஜ் பாஸிடம் போனேன். அவர் சிங்களவர், தோட்டத்து லொறிகளுக்குக் கீழே படுத்துப் படுத்தே தமிழ் கற்றவர். ஆகையால் அவருடைய தமிழில் முக்கால்வாசி நோய்களின் பெயர்.

"மல்லி, பெரிய டயர் என்ன செய்யும் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். சக்கரம் பெரிதானால், இஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி கூடின தூரம் போகும், சமதரையில் வேகம். ஆனால் அந்தத் தூரத்துக்கான கூலியை இழுவையில் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாவது கியரில் ஏறிய மேட்டில் முதல் கியர் கேட்கும். பிரேக்கும் அப்படித்தான்: டயரின் விளிம்பு அச்சிலிருந்து தள்ளிப் போகப் போக, அதே பிரேக் கூடின பலத்தோடு பிடிக்க வேண்டும். ஸ்பீடோமீற்றர் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். பொலிஸின் கருவி அந்தத் தள்ளுபடியைத் தராது. வண்டியை உயர்த்தினால் பாரமும் உயரும். வளைவில் அது வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். பசறை ரோட்டில் வெளிப்பக்கம் என்றால் என்னவென்று அந்த ரோட்டில் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"பத்தரை அடி ஒங்க லயத்துக்குப் போற வளைவில ஒரே வெட்டில திரும்பாது. ரிவர்ஸ் எடுக்க வேணும். பின்னால யாரு நிக்கிறது?"

பின்னால் நிற்பது ஒரு பள்ளம். அதை அவரும் அறிவார். அவை மாட்டு வண்டிக் காலத்து வளைவுகள்.

"அப்ப என் பட்டாவிலயே ரெண்டு பிளேட் கூடப் போட்டா?"

பாஸ் கையைத் துடைத்தார். பிளேட் கூடப் போட்டால் வண்டியின் பின்பக்கம் குனியாது, அவ்வளவுதான். அச்சும் பெயரிங்கும் பிரேக்கும் 750 கிலோவுக்குப் படைக்கப்பட்டவை. அவற்றுக்கு யாரும் பதவி உயர்வு கொடுக்கவில்லை. முன்பெல்லாம் வண்டி குனிந்தால் பாரம் கூடிவிட்டது என்று தெரியும். இப்போது நிமிர்ந்து நின்றுகொண்டே உடையும்.

"வண்டிய பெருசு பண்ண முதல் நிப்பாட்டப் பாரு மல்லி. ஓடுறதுக்குச் செலவு பிறகு" என்று சொல்லி, ஒரு துண்டில் எழுதித் தந்தார். பிரேக் லைனர், வீல் சிலிண்டர், தேய்ந்த புஷ், அதே அளவில் நாலு நல்ல டயர், கிளட்ச் பிளேட். கடைசி வரியாக, காசு கேட்காத ஒரு வைத்தியம்: ஏறிய கியரிலேயே இறங்கு. அதில் பளபளப்பாக எதுவுமே இல்லை. இத்தனையும் மாட்டிய பிறகும் வண்டி நேற்றுப் போலவே இருக்கும். பார்த்த யாரும் ஒரு வார்த்தை பாராட்ட மாட்டார்கள். இவ்வளவு காசைக் கொடுத்துவிட்டுப் பாராட்டில்லாமல் இருக்க மனிதனுக்குத் தனி மனவலிமை வேண்டும்.

இந்த மலையில் ஏற முடியாமல் திணறிய முதல் ஆள் நான் இல்லை என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன். பதுளைக்கு ரயில் பாதை வந்தது 1924இல். தெமோதரைக்கு வந்தபோது ஏற்றம் ரயிலுக்கு ஒத்துவரவில்லை. மலைநாட்டுப் பாதையில் 44 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறக்கூடாது என்பது கணக்கு. எங்கள் பண்டாரவளைத் தம்பியாக இருந்தால் ரயில் இஞ்சினை மாற்றியிருப்பார், சக்கரத்தைப் பெரிதாக்கியிருப்பார், தலையில் விளக்கு வைத்திருப்பார். பாதை போட்டவர்கள் இஞ்சினைத் தொடவில்லை. பாதையை ஒரு சுற்றுச் சுற்றி, தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் வெட்டி விட்டார்கள். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளர் விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, எங்கள் ஆளுக்கும் அதில் ஒரு பங்கு இருப்பதால் நாங்கள் அதை நம்புகிறோம்.

அந்தத் தலைப்பாகையின் பொழிப்பு இதுதான்: மேடு பெரிதென்றால் சுற்றிப் போ, அவசரப்படாதே. லொறிக்காரன் பாஷையில் சொன்னால், ஒரே நடையில் கொண்டுபோவதை இரண்டு நடையாகக் கொண்டுபோ. உலகத்திலேயே மலிவான மொடிஃபிகேஷன் மூட்டையைக் குறைப்பதுதான். அதைப் பூட்டித்தர எந்தக் கராஜும் தேவையில்லை. அதனால்தான் எந்தக் கராஜிலும் அது கிடைப்பதில்லை.

மிச்சமிருந்தது அம்மாவின் கேள்வி. அதற்கு விடை புக்கில், அதாவது வண்டியின் பதிவுப் புத்தகத்தில், இருந்தது. லொறியின் புக்கில் ஓர் இஞ்சின் நம்பர், இஞ்சினில் வேறொரு நம்பர். இஞ்சினை மாற்றுவது குற்றமில்லை, மாற்றியதைப் பதிய வேண்டும். புக்கில் உள்ள வண்டியும் ரோட்டில் உள்ள வண்டியும் ஒரே வண்டியாக இருக்க வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் நியாயமான எதிர்பார்ப்பு. பதியப் போவதென்றால் புக் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். தம்பி வாங்கியதோ பெயர் மாற்றாமல், ஓப்பன் பேப்பரில்; அவருக்கு விற்றவர் வாங்கியதும் ஓப்பன் பேப்பரில். புக்கில் உள்ள பெயர்க்காரர் குருணாகல் பக்கம் நிம்மதியாக இருந்தார், தன் பெயரில் இப்படி ஒரு வாகனம் பாட்டுப் பாடிக்கொண்டு திரிவதை அறியாமல். விபத்து ஏதும் நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் புக்கைத்தான்.

காலமும் தம்பிக்கு எதிராக இருந்தது. 2025 ஜனவரி 1ஆம் திகதி கிளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டம் தொடங்கிய கையோடு, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மாட்டியிருந்த மேலதிக பாகங்களைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் இறங்கினார்கள். சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன, அவகாசம் கிடைத்தது. மாட்டுவதற்குக் கராஜில் காசு கொடுத்தவர்கள், கழற்றுவதற்கும் அதே கராஜில் காசு கொடுத்தார்கள். ஊரில் இரண்டு பக்கமும் சம்பாதித்த ஒரே ஆள் கராஜ்காரர்தான். இந்தச் சூழ்நிலையில், எதுவுமே மாட்டாத, புக் சுத்தமான ஒரு பட்டாவின் மேல் தம்பிக்குக் காதல் வந்ததில் வியப்பில்லை.

மொடிஃபை பண்ணின வண்டி என்பது வேறொருவர் தன் ரோட்டோடு நடத்திய சண்டையின் முடிவுகள். பிளேட் கூடியிருந்தால் அவர் மூட்டை கூட ஏற்றினார். விளக்குக் கூடியிருந்தால் ராத்திரியில் ஓடினார். பாட்டு ஹோன் இருந்தால் அவருக்குப் பேச்சுத் துணை இல்லை. வாங்குகிற நாம் வண்டியோடு அந்தச் சண்டைகளையும் சேர்த்து வாங்குகிறோம். எங்களுக்குச் சொந்தமாகவே போதிய சண்டைகள் இருந்தன.

ஆகவே மாத்துவதில்லை, மாட்டுவது என்று தீர்மானம். பாஸ் எழுதித் தந்த துண்டு அப்படியே. அதோடு, கழற்றி மாட்டக்கூடிய ஒரு படி. அதன் செலவைக் கிழவிகளே ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டார்கள், போட்டதிலிருந்து அது அவர்கள் படி என்பதையும் ஞாபகப்படுத்தி வருகிறார்கள். ஸ்பீக்கர் இல்லை என்றதும் பையன்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள்; லொறியில் மூட்டை ஏற்ற ஆளில்லாத நாள் வந்ததும் நான் அவர்களோடு பேச ஆரம்பித்தேன். ஜெனரேட்டருக்கு, கமிட்டி கூடி, தனியாக ஓர் ஆட்டோ பிடிப்பது என்று முடிவானது.

தம்பிக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். கோபிப்பார் என்று பார்த்தால், மனுஷர் உற்சாகமாகிவிட்டார்.

"பரவால்லண்ணே. ஆனா அந்தக் கழட்டுற பழைய டயர், கிளட்ச் பிளேட் எதையும் வீசிறாதீங்க. இங்க ஒரு ஆட்டோவுக்கு எனக்கு ஒரு யோசனை இருக்கு."

கொடுத்துவிட்டேன். பண்டாரவளைப் பக்கம் போகிறவர்கள், முன்னால் ஓர் ஆட்டோ பட்டாவின் உயரத்தில் நின்றுகொண்டு பாட்டுப் பாடினால், தயவுசெய்து சரணம் வரை காத்திருக்காமல் ஒதுங்கிக்கொள்ளவும்.