அத்தானின் மழைக் கணக்கு

லண்டனில் மழை வேண்டி நேர்த்தி வைக்கிற ஒரே மனிதர் என் அத்தானாகத்தான் இருப்பார். ஸ்பெயினில் வீட்டு விலை விழுந்து கிடந்த 2011இல், அலிகாந்தேக்குத் தெற்கே டொரெவியேஹாவில் இரண்டு அறை ஃபிளாட் ஒன்றை வாங்கிப் போட்டார். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாரக் கணக்கில் வாடகைக்கு விடுவதாகத் திட்டம். அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்த்தே வானிலை சொல்லலாம். என்ன, தலைகீழாகச் சொல்ல வேண்டும்.

ஹாரோவில் காலையில் அக்கா உடுப்புக் கூடையோடு கொடிக்குப் போவாள். அத்தான் குசினி யன்னலடியில் நின்று மேகம் பார்ப்பார்.

“நாலு துளி விழுந்தா என்னவாம்?”

“விழட்டும். உங்கட சேட்டுகளை நீங்களே ஹீற்றரில காயப் போடுங்கோ.”

மூன்று நாள் விடாமல் தூறினால் நாலாம் நாள் இரவு எங்கோ ஒரு வெள்ளைக்கார வீட்டில் யாராவது பொறுமை இழந்து ஃபோனைக் கையில் எடுப்பார்கள் என்பது அவர் சித்தாந்தம். ஜூலை 15, செயின்ட் சுவிதின் நாளில் மழை பெய்தால் நாற்பது நாள் விடாது என்று இங்கிலாந்துக்காரர் சொல்வார்கள். நல்லூர்க் கொடியேற்றத்தை மறந்தாலும் அத்தான் இந்த நாளை மறந்ததில்லை.

2012 கோடையில் நூறு வருடத்தில் காணாத மழை. அந்த வருடம் என் பிறந்தநாளுக்குக் கைக்கடிகாரம் வந்தது. 2018இல் எறி எறியென்று வெயில் எறித்தது. “ஸ்பெயினே இஞ்ச வந்திட்டுது, ஆர் காசு குடுத்துப் போவான்?” என்றார். எனக்கு வாழ்த்து அட்டை.

மழை மட்டும் பெய்தால் போதுமா? ஜூலைக் கடைசியில் பள்ளிக்கூடம் மூடும். விமான டிக்கெட் அன்றே மரத்தில் ஏறிக்கொள்ளும். பள்ளி நாளில் பிள்ளையைக் கூட்டிப் போனால் தண்டம்: தாய்க்கு 80 பவுண், தகப்பனுக்கு 80 பவுண், பிள்ளைக்குப் பிள்ளை. தண்டத்தைக் கட்டிவிட்டுப் போவதே மலிவு என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. அத்தானுக்கு அவர்கள்மேல் தனி மரியாதை.

டிக்கெட்டில் விட்டதை வருகிறவர்கள் பெட்டியில் பிடிப்பார்கள். பெட்டிக்குத் தனிக் காசல்லவா? ஒரு பெண் எடுத்து விசாரித்தார். துவாய் இருக்கிறதா? இருக்கிறது. தலைமயிர் காய வைக்கும் மெஷின்? வாங்கி வைக்கிறேன். குடை? அத்தானுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. “கடற்கரைக் குடை” என்று அவர் விளக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. அதையும் வாங்கி வைத்தார்.

சொந்த வீட்டுக்கு ஆகஸ்டில் போக அவருக்குக் கட்டுபடியாகாது. ஆகவே டிக்கெட் இறங்கிய 2019 செப்டெம்பரில் எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். அந்த வாரம் பார்த்து அங்கே பேய்மழை. பக்கத்தில் செகுரா ஆறு பெருகி ஒரிவேலா நகரமே வெள்ளக்காடானது. பதினொரு துவாய்களில் எட்டை பால்கனிக் கதவடியில் அடைத்துவிட்டு, கடற்கரைக் குடையோடு உட்கார்ந்திருந்தோம்.

அக்கா ஹாரோவுக்கு ஃபோன் போட்டுப் பேசிவிட்டு வந்தாள்.

“அங்க நல்ல வெயிலாம். பக்கத்து வீட்டு அன்ரி போட்ட உடுப்பெல்லாம் மத்தியானத்துக்குள்ள காஞ்சிட்டுதாம்.”

அத்தான் பிழியப் பிழியத் தண்ணீர் வடிந்த துவாயைக் கீழே வைத்தார்.

“அப்ப புக்கிங் வராது.”