தட்டிக்கொண்டிருக்கையில் ஜன்னல் தவறுதல்: தாப்பா வட்டாரத்து ஆய்வு

விரலொரு வழியும் எழுத்தொரு வழியும்
செல்லு மாயின் திரைக்கண் நின்ற
சாளரம் தவறிற்று என்மனார் புலவர்.

இதன் பொருள்: நீங்கள் கணினியில் கடிதம் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ‘பெருமதிப்பிற்குரிய’ வரை எழுத்து விழுந்தது. ‘தலைவர் அவர்களுக்கு’ விழவில்லை. விரல் ஓடிற்று, விசை சத்தம் போட்டது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. உற்றுப் பார்த்தால் கடித ஜன்னலின் தலைப்புப் பட்டை வெளிறியிருக்கிறது. ஜன்னல் இடம்விட்டு நகரவில்லை. அதற்குக் காதுதான் கேட்கவில்லை. புலவர் என்றது கம்பியூட்டர் கடைத் தம்பிமாரை. இத்துறையில் வேறு புலவர் இலர்.

ஆய்வு எல்லை வருமாறு: வடக்கே கம்பார், தெற்கே பீடோர், கிழக்கே கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகள், மேற்கே தாப்பா ரோட் ரயில் நிலையம். இதற்கு அப்பால் ஜன்னல்கள் தவறுகின்றனவா என்பது இவ்வாய்வுக்கு உரியதன்று. மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தாப்பாவைக் களமாகக் கொண்டது ஊர்ப்பாசத்தால் மட்டும் அன்று. முன்னால் நின்ற ஒன்று திடீரென்று பின்னுக்குப் போவது எப்படி என்று இவ்வூர்க்காரருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 1893இல் தெலுக் ஆன்சனுக்கு ரயில் விட்டபோதே தண்டவாளம் ஊரை விட்டுத் தள்ளி நின்றுகொண்டு, நிலையத்துக்கு ஊர்ப்பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் ஓடிய பஸ்ஸும் லாரியும் ஒரு காலத்தில் கடைத்தெருவைத் தொட்டுத்தான் போயின. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையானதும் ஓரமாகப் பறந்துவிட்டன. கேமரன் மலைக்காரர்களாவது மிச்சம் என்றிருந்தால், சிம்பாங் பூலாயிலிருந்து இன்னொரு மலைப்பாதை வந்தது. ஊர் அங்கேயேதான் இருக்கிறது. ரொட்டி சானாயும் அதே ருசிதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த நோயின் உடற்கூற்றை எளிதில் சொல்லிவிடலாம். விடியற்காலைப் பெரட்டில் நூறு பேர் நின்றாலும், கிராணி யார் பெயரைக் கூப்பிடுகிறாரோ அவர்தான் பதில் சொல்லலாம். திரையில் பத்து ஜன்னல் திறந்திருந்தாலும் விசைப்பலகை ஒன்றுதான். கூப்பிடப்பட்ட ஜன்னலுக்கே எழுத்து போகும். அந்த நிலைக்குத்தான் ஃபோக்கஸ் என்று பெயர். கூப்பிடாத ஆள் ஒருவன் முன்னால் பாய்ந்து ‘இருக்கேங்க’ என்று குரல் கொடுத்தால், கூலிக் கணக்கு அவன் பக்கம் ஏறிவிடும். இது தொலைதல் அன்று, களவு என்பதை ஆய்வின் முதற்கோளாக வைக்கிறேன்.

வரலாற்றுப் பகுதி சுருக்கமானது. 1985இல் வந்த முதல் விண்டோஸில் ஜன்னல்கள் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. 1987இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஏறிக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஒழுக்கக்கேடு அன்று தொடங்கிற்று என்பது என் துணிபு. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு என்னும் தமிழ் மென்பொருள் பிறந்ததும் முதல் விண்டோஸ் வந்த அதே 1985தான். இரண்டும் சமவயது.

இனி முன்னோர் கொள்கைகள். ‘வைரஸ்லா அது, ஃபார்மட் போட்டா சரியாயிடும்’ என்பது கடைத் தம்பிமார் கொள்கை. எதற்கும் இதையே சொல்வதால் இதைக் கொள்கை என்பதைவிடத் தொழில் என்பதே பொருந்தும். (களவு செய்யும் தீய நிரல்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கெட்டிக்காரத் திருடன் முன்வாசலில் வந்து நின்று தன்னைக் காட்டிக்கொள்ள மாட்டான்.) கணினி பக்கத்தில் எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்த பள்ளிக் குமாஸ்தா ஒருவரும் உண்டு. ஒரு வாரம் தொந்தரவே இல்லை என்றார். அந்த வாரம் பள்ளி விடுமுறை. மூன்றாம் கூட்டத்தார் ‘கை பட்டிருக்கும்’ என்பார்கள். அவர்கள் கூற்றில் பாதி உண்மை. மடிக்கணினியின் டச்பேடில் உள்ளங்கை உரசினால் கர்சர் வேறு வரிக்குப் பாயும். ஆனால் அப்போது தலைப்புப் பட்டை வெளிறாது. எழுத்தும் தொலையாது, தப்பான வரியில் போய் விழும். ஆதலால் அதைத் தவறுதல் என்னோம், தாவுதல் என்க. மவுஸ் செருகியிருக்கையில் டச்பேட் அணையும்படி அமைப்பில் மாற்றிவிட்டால் அது தீரும். அதற்குமேல் அதில் ஆராய ஒன்றும் இல்லை.

ஆராய நிறைய இருப்பது தமிழர்க்கே உரிய வகையில். ஆங்கிலம் மட்டும் தட்டுகிறவர் அறியாத துன்பம் இது. நாம் ஒரே கடிதத்தில் தமிழுக்கும் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறிப் போகிறவர்கள். மாறுவதற்குப் பலரும் பழகியிருப்பது ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்துவது. விரல் சற்றுப் பிசகி ஆல்ட் மட்டும் தனியே அமுங்கி எழுந்தால், பல செயலிகளில் ஃபோக்கஸ் எழுதும் இடத்தை விட்டு மேலே மெனுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் நீங்கள் தட்டும் எழுத்துகள் எழுத்துகள் அல்ல, கட்டளைகள். ‘அன்புடையீர்’ என்று தொடங்கி முடிப்பதற்குள் பக்கம் படுக்கை வாட்டில் திரும்பியிருக்கலாம். இங்கே திருடன் வெளியில் இல்லை, நம் இடது கைதான். எஸ்கேப் விசையைத் தட்டினால் ஃபோக்கஸ் திரும்பும். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்ந்த வழிக்குக் கையைப் பழக்கிக்கொண்டால் நோயே வராது.

இதன் கிளைநோய் ஒன்று. ஜன்னலுக்கு ஜன்னல் வேறு மொழி வைத்துக்கொள்ளலாம் என்றொரு வசதி விண்டோஸில் உண்டு. அது திறந்திருந்தால், ஃபோக்கஸைப் பிடுங்கிய ஜன்னலில் மொழியும் ஆங்கிலமாக இருக்கலாம். 1999இல் சென்னை மாநாட்டில் அறிவிக்கப்பட்ட தமிழ்99 விசைமுறையில் ‘தாப்பா’ என்று தட்டுவதற்கு எல், கியூ, ஜே, ஜே, கியூ. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொரு மணிக்கு அந்த ஐந்து எழுத்து மட்டும் வந்து நின்றால், யாரும் பதற வேண்டாம். செயலாளர் ஆண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார்.

இவை சிறு களவு. பெரும் களவைச் செய்வது இடைவெளி விசை. திடீரென்று எழும் பெட்டியில் ‘ஆமாம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பொத்தான் இருக்கும். அவற்றுள் ஒன்று முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். என்டர் தட்டினாலும் இடைவெளி தட்டினாலும் அந்தப் பொத்தான் அமுங்கும். கோயில் செயலாளர் ஒருவர் திருவிழா நோட்டீஸ் தட்டிக்கொண்டிருந்தார். விசைப்பலகையைப் பார்த்தே தட்டுகிறவர். ‘மாரியம்மன்’ என்ற சொல்லுக்கும் ‘திருவிழா’ என்ற சொல்லுக்கும் நடுவே அவர் விட்ட இடைவெளியை ஒரு பெட்டி சம்மதமாக எடுத்துக்கொண்டு கணினியை அணைத்து மீண்டும் ஏற்றியது. உபயகாரர் பட்டியல் முழுதும் போயிற்று. ‘நான் எதையும் அமுக்கலங்க ஐயா’ என்று அவர் தலைவரிடம் சத்தியம் செய்தது பொய்யன்று. அவர் அமுக்கியது வெறும் இடைவெளியை.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், உண்டு. விண்டோஸ் 98, 2000 ஆகிய பதிப்புகள் முதலே, ஒருவர் தட்டிக்கொண்டிருக்கும்போது வேறு நிரல் முன்னால் பாயக்கூடாது என்று தடை இருக்கிறது. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ‘ஃபோர்கிரவுண்ட் லாக் டைம்அவுட்’ என்ற பெயரில் அதன் அளவு நிற்கும்: 2,00,000 மில்லிநொடி, அதாவது 3 நிமிடம் 20 நொடி. கடைசி விசைக்குப் பின் அவ்வளவு நேரம் மற்ற நிரல்கள் கீழ்ப்பட்டையில் மினுக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் முன்னால் நிற்கும் நிரலே இன்னொன்றைக் கிளப்பிவிட்டால் விலக்கு. கடைசி விசையை வாங்கிய நிரலுக்கும் விலக்கு. விலக்கு உள்ள இடத்தில் சந்து உண்டு. யாராவது அந்த அளவைப் பூஜ்யமாக்கி வைத்திருந்தால் சட்டமே செத்தது. அதை முதலில் பாருங்கள். லினக்ஸில் ஓடும் கேடிஇ இதே களவுத் தடுப்புக்கு ‘இல்லை’ முதல் ‘மிக அதிகம்’ வரை ஐந்து படி வைத்திருக்கிறது. ஆப்பிள்காரர்கள் 2023இல் வந்த மேக் பதிப்பில், முன்னால் இருக்கும் செயலி விட்டுக்கொடுத்தால்தான் இன்னொன்று முன்னால் வரலாம் என்ற முறைக்குப் போனார்கள். மூன்றில் அதுவே மரியாதையான ஏற்பாடு.

திருடனைப் பிடிக்கும் முறைக்கு உலகறிந்த சான்று 2017இல் கிடைத்தது. பலருடைய கணினியில் ஒரு பெட்டி கண்மூடித் திறப்பதற்குள் தோன்றி மறைந்தது. முழுத்திரையில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். மைக்ரோசாப்ட் ஆபிஸின் பின்னணி வேலை ஒன்று, விண்டோஸின் வேலை அட்டவணையான டாஸ்க் ஷெட்யூலரில் மணிக்கொரு தரம் என்று பதிந்திருந்ததுதான் காரணம். பின்னர் நிறுவனமே திருத்தம் வெளியிட்டது. இத்திருடர்களில் பெரும்பாலோர் இப்படித்தான்: புதுப்பிப்பு தேடுகிறவன், மை குறைந்தது என்று சொல்கிறவன், உரிமம் முடியப் போகிறது என்று நினைவூட்டுகிறவன், எல்லாரும் நேரம் தவறாத உத்தியோகஸ்தர்கள்.

ஆகவே ஜன்னல் தவறும்போது மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று முறை குறித்தபின் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, அந்த மணிக்கு யாருக்கு வேலை இருந்தது என்று பார்க்க வேண்டும். ஒத்துவந்தால் அவன்தான். ஒத்துவராவிட்டால், கணினி ஏறும்போது தானே ஏறும் நிரல்களில் பாதியை நிறுத்திப் பாருங்கள். தொந்தரவு நின்றால் நிறுத்திய பாதியில் திருடன், நிற்காவிட்டால் மற்றப் பாதியில். 32 நிரல் இருந்தாலும் ஐந்தே சுற்றில் ஒன்று கையில் மிஞ்சும். கோயில் செயலாளருக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அவர் குறித்த மணிகளெல்லாம் அச்சுப்பொறியை ஏற்றிய சற்று நேரத்தில் வந்தவை. அதனோடு கூட வந்த மை விற்கும் நிரலை நீக்கியதும் பெட்டி வருவது நின்றது.

கணினியைக் கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் என்ன பழுது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுவது வழக்கம். அந்தத் தாளில் ஜன்னல் தவறிய மணிகளையும் எழுதுங்கள். அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஃபார்மட் போடுகிறேன் என்கிற கடைக்கு வெள்ளி கொடுக்காதீர்கள்.