பொம் இலக்கணம்

ஒரு ஜனசமூகம் இன்னொரு ஜனசமூகத்தைப் பற்றிக் கொள்ளும் அபிப்பிராயங்களை ஆராயப் புகுந்த அறிஞர்கள், பகைவரைப் பற்றியும் அடிமைப்பட்டவரைப் பற்றியும் அயலாரைப் பற்றியும் ஏராளமாக எழுதிக் குவித்திருக்கிறார்களே தவிர, ஒரே மொழி பேசி, ஒரே முடிமன்னரின் முகம் பொறித்த நாணயத்தைச் செலவிட்டு, ஒரே விளையாட்டை ஆடி, அந்தக் காரணங்களினாலேயே ஒருவரையொருவர் சகிக்க முடியாமற்போனவர்களைப் பற்றிப் போதிய சிரத்தை காட்டவில்லை. ஆஸ்திரேலியாவில் குடியேறி வாழும் பிரிட்டிஷாரை அந்நாட்டார் எவ்வாறு கருதுகிறார்கள் என்பது அத்தகைய விஷயம். மேம்போக்காகப் பார்ப்பவர்க்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆயினும், 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கே வாழும் வெளிநாட்டுப் பிறவியருள் இங்கிலாந்தில் பிறந்தவர்களே முதலிடம் பெற்று ஒன்பது லட்சத்தைத் தாண்டி நிற்கிறார்கள் என்பதையும், அத்தனை பேரும் வருஷம் முழுவதும் ஏறக்குறைய ஒரே பரிகாசத்தைக் கேட்டு வருகிறார்கள் என்பதையும் எண்ணும்போது, இதைத் தள்ளிவிடுவது சாஸ்திர சம்மதம் ஆகாது.

முதலில் நாமகரணம். இக்குடியேறிகளை ஆஸ்திரேலியர் 'பொம்' என்றும், நெருக்கமோ எரிச்சலோ மிகும்போது 'பொம்மி' என்றும் அழைப்பர். மதுரைவீரன் கதையில் வரும் பொம்மியோடு இதற்குச் சம்பந்தம் கற்பிக்கும் முயற்சியை இப்போதே கண்டித்துவிடுகிறேன். நம்மவர்களில் அதற்குத் துணிந்தவர்கள் உண்டு. வெயில் பட்டவுடன் மாதுளம்பழமாகச் சிவந்துவிடும் கன்னங்களிலிருந்து வந்த பெயர் என்பது அகராதிக்காரர்கள் பெரும்பாலும் ஒப்பும் கொள்கை. தாய்நாட்டின் கைதி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் என்பது மதுக்கடைப் பண்டிதர்களின் கொள்கை. 1788 முதல் 1868 வரை கைதிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் இன்று பரிகசிப்பவர்களின் மூதாதையரேயன்றிப் பரிகசிக்கப்படுபவர்களின் மூதாதையர் அல்லராதலால், பின்னதை உரக்கச் சொல்லாதிருப்பது அவர்களுக்கே நல்லது.

இனிக் குணவிசேஷங்கள். ஆஸ்திரேலிய மரபு பொம்முக்கு விதித்திருக்கும் இலக்கணங்கள் பலவாயினும் முக்கியமானவை இரண்டு: குளிக்கமாட்டான், முனகுவான்.

குளியல் விஷயத்தில் வழங்கும் வசனம் பிரசித்தமானது: பொம்மிடமிருந்து பணத்தை ஒளித்து வைக்க வேண்டுமானால் சோப்புக்கட்டிக்கு அடியில் வை என்பார்கள். இதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம் யாரும் காட்டினதாகத் தெரியவில்லை என்றாலும் அனுமானத்துக்கு இடமுண்டு. யுத்தத்துக்குப் பிந்திய இங்கிலாந்தில் தொழிலாளர் வீடுகள் பலவற்றில் குளியலறையே கிடையாது. அடுப்புக்கு முன்னே தகரத்தொட்டியை இழுத்துப் போட்டு, வாரத்துக்கு ஒரு நாள், ஒருவர் குளித்த வெந்நீரிலேயே அடுத்தவர் இறங்குவது குடும்ப வழக்கம். அந்த வழக்கத்தோடு வேர்வை வழியும் பெர்த்திலோ பிரிஸ்பேனிலோ வந்திறங்கியவரைத் தினம் இருமுறை ஷவரில் நின்றவர்கள் பார்த்த பார்வைதான் நாளடைவில் வசனமாயிற்று. இப்போது இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு குளியலறை வந்துவிட்ட பிறகும் வசனம் மட்டும் மாறவில்லை. வசனங்களுக்குக் குழாய்நீர் வசதியைப் பற்றிய கவலை கிடையாது.

முனகலோ ஆழ்ந்த ஆராய்ச்சிக்கு உரியது. விமானம் நிறையப் பொம்கள் வந்திறங்குகிறார்கள் என்பதை எப்படி அறிவது என்று கேட்டு, இயந்திரங்கள் ஓய்ந்த பிறகும் முனகல் ஓயாதிருப்பதைக் கொண்டு அறிக என்று விடையும் சொல்லிச் சிரிப்பார்கள். இதைக் கேட்காமல் ஆஸ்திரேலியாவில் ஒரு மாதத்தைக் கழித்த ஆங்கிலேயர் அநேகமாக இருக்கமாட்டார். தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு நிலைக்களன்களைக் கூறினார். பொம்மின் முனகல் இவற்றுள் எதன்பாற்படும் என்பதே கேள்வி.

இதற்குச் சரித்திரம் கொஞ்சம் வேண்டும். 1947 முதல், பெரியவர் ஒருவருக்குப் பத்துப் பவுன், குழந்தைகளுக்கு இனாம் என்னும் கட்டணத்தில் ஆஸ்திரேலிய சர்க்கார் பிரிட்டிஷாரைக் கப்பல் கப்பலாக அழைத்துக்கொண்டது. பல வருஷங்களில் இந்த ஏற்பாட்டின்படி வந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். குடியேற்றத்துக்கென்றே ஏற்பட்ட முதல் மந்திரியான ஆர்தர் கால்வெல், பிற தேசத்தார் ஒருவர் வந்தால் பிரிட்டிஷார் பத்துப் பேர் வருவார்கள் என்று ஜனங்களுக்கு நம்பிக்கையூட்டினார். அக்கப்பல்களில் பல நம் கொழும்புத் துறைமுகத்தில் நின்று போயின. ஆனால் துறைமுகத்தில் மூட்டை சுமந்த கறுத்த மனிதருக்குப் பத்துப் பவுன் அல்ல, பத்தாயிரம் பவுன் கொடுத்தாலும் அந்தத் திட்டத்தில் இடமில்லை. வெள்ளை ஆஸ்திரேலியா என்பது அப்போது ராஜாங்கக் கொள்கை. பொம்மைப் பற்றிய பரிகாசத்தை ரசிக்கும் நாம் இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்: பரிகாசத்துக்கு ஆளாவதற்கும் முதலில் உள்ளே விட வேண்டும்.

விளம்பரச் சித்திரங்களில் கடற்கரையையும் ஆரஞ்சுப் பழத்தையும் கண்டு புறப்பட்டவர்களில் பலருக்கு, இறங்கியதும் கிடைத்தவை அரைவட்டமாக வளைத்த நெளிதகட்டுக் குடிசையும், பொதுப் போஜனசாலையில் நாள் தவறாத ஆட்டிறைச்சியுமாம். வேனிலில் அத்தகட்டுக்குக் கீழே படுத்திருப்பது எத்தகைய அனுபவம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. இரண்டு வருஷம் தங்கியே தீரவேண்டும். முன்னதாகத் திரும்புவதானால் வந்த செலவையும் கட்டி, போகும் செலவையும் தாமே ஏற்க வேண்டும். அவர்கள் முனகினார்கள். வேறு தேசத்திலிருந்து வந்தவர்களும் மனத்துக்குள் முனகியிருப்பார்கள். ஆனால் அது கிரேக்கத்திலோ இத்தாலியத்திலோ நடந்ததனால் ஆஸ்திரேலியர் காதில் ஏறவில்லை. தமக்குப் புரியும் பாஷையில் முனகியதுதான் பொம் செய்த பிழை என்பது என் துணிபு.

எலிசபெத் நகரில் ஒரு கிறிஸ்துமஸ் பகலை எடுத்துக்கொள்வோம். அடிலெய்டுக்கு வடக்கே 1955இல் தோற்றுவித்து, மகாராணியின் பெயரைச் சூட்டி, பிரிட்டிஷ் குடும்பங்களை நிறையக் குடியமர்த்திய ஊர் அது. வெயில் நாற்பது டிகிரியை எட்டுகிறது. மான்செஸ்டரிலிருந்து வந்த அம்மாள் விடியற்காலையிலேயே அடுப்பை மூட்டி, வான்கோழியை வாட்டி, உருளைக்கிழங்கை வறுத்து, கனத்த பிளம் புட்டிங்கை ஆவியில் வேகவைத்துக்கொண்டிருக்கிறாள்; அவள் கணவன் காகிதக் கிரீடம் ஒன்றைத் தலையில் தரித்து, அதன் சிவப்புச் சாயம் வேர்வையில் கரைந்து நெற்றியில் இறங்க, ஒரு கையால் ஈயை ஓட்டியபடி மேஜை முன் அமர்ந்திருக்கிறான். வேலிக்கு அப்பால் அரைக்கால் சட்டையும் ரப்பர்ச் செருப்புமாய் நிற்கும் அண்டைவீட்டுக்காரன், குளிர்ந்த பியர்க் குவளையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "என்ன மேட், சூடு போதுமா?" என்று விசாரிக்கிறான். "ஊரில் இந்நேரம் பனி பெய்துகொண்டிருக்கும்" என்கிறான் கிரீடதாரி. "பார்த்தாயா, ஆரம்பித்துவிட்டான்!" என்று அண்டைவீட்டுக்காரன் தன் மனைவியைக் கூவி அழைக்கிறான். அன்று மான்செஸ்டரில் பெய்திருக்கக்கூடியது பெரும்பாலும் மழைதான் என்பது வேறு விஷயம்.

முன்னிருந்த நிலை திரிந்து வேறாகி வருந்துவதை அசைவு என்று உரைகாரர் விளக்குவர். ஆகவே பொம்மின் முனகலை அசைவின்பாற்படுத்துதல் பொருந்தும். ஆனால் அண்டைவீட்டுக்காரன் முனகலை எதன்பாற்படுத்துவது? பொம் வெயிலைப் பற்றி எப்போதாவது முனகுகிறான். ஆஸ்திரேலியனோ பொம் முனகுவதைப் பற்றி அன்றாடம் முனகுகிறான். 2006இல் ஒரு பியர் விளம்பரத்தில் 'பொம்' என்னும் பெயர் வந்ததைக் குறித்து முறையிட்டவர்களுக்கு, விளம்பர ஒழுங்கைக் கவனிக்கும் குழு, இது பெரும்பாலும் விளையாட்டாகவும் வாஞ்சையாகவும் வழங்குவது என்று சமாதானம் கூறி முறையீட்டைத் தள்ளியது. முறையிட்டதே முனகலுக்குச் சாட்சி என்று ஜனங்கள் கொண்டார்கள். வாயைத் திறந்தால் குற்றம் ருசுவாகும் வழக்கில் எந்த வக்கீலும் ஆஜராகமாட்டார்.

பத்துப் பவுனில் வந்தவர்களில் நாலில் ஒரு பங்கினர் கப்பலேறித் திரும்பியும் போனார்கள். அங்கே மழையையும் நிலக்கரிப் புகையையும் கண்டபின், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மறுபடி ஆஸ்திரேலியாவுக்கே வந்துவிட்டார்கள். இவர்களுக்கு 'பூமராங் பொம்' என்று பட்டம் கிடைத்தது.

இதுவரை கூறியது பூர்வபட்சம், சித்தாந்தம் வேறு. ஆஸ்திரேலியர் பொம்மை அந்நியராகவும் கருதுவதில்லை, விருந்தாளியாகவும் கருதுவதில்லை, பங்காளியாகக் கருதுகிறார்கள். பங்காளியிடம் வரப்புத் தகராறு உண்டு, வாய்ச்சண்டை உண்டு, அவன் வீட்டுச் சாவுக்குத் தீட்டும் உண்டு. அவன் பெற்ற கீர்த்தியிலும் பங்குண்டு. 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து சிட்னியின் வில்லவுட் விடுதியில் தங்கிய யங் குடும்பத்துப் பிள்ளைகள் ஏசி/டிசி என்னும் வாத்தியக் கோஷ்டியை அமைத்துப் புகழ் ஈட்டியதும், அவர்கள் பொம் என்பதை யாவரும் மறந்தார்கள். வேல்ஸில் பிறந்து 1966இல் குழந்தையாக வந்த ஜூலியா கில்லர்டு 2010இல் பிரதம மந்திரியானபோது, அவரிடம் குறை காண விழைந்தவர்கள் அவருடைய உச்சரிப்பு அளவுக்கு மீறி ஆஸ்திரேலியத்தனமாக இருக்கிறது என்றே கண்டார்கள்!

இச்சித்தாந்தத்துக்கு ஹரால்டு லார்வுட்டின் சரித்திரத்தைவிடப் பலமான பிரமாணம் கிடையாது. 1932-33இல் ஆஸ்திரேலியாவில் நடந்த கிரிக்கெட் பந்தயங்களில், பம்பாயில் பிறந்தவரும் மறு வருஷம் நம் சேப்பாக்கத்தில் இங்கிலாந்து அணியை நடத்தியவருமான டக்ளஸ் ஜார்டினின் கட்டளைப்படி, உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசி, முப்பத்துமூன்று விக்கெட்டுகளைச் சாய்த்தவர் லார்வுட். அடிலெய்டில் அவர் பந்து ஆஸ்திரேலியத் தலைவர் உட்ஃபுல்லின் மார்பில் பட்டது. இன்னொன்று ஓல்டுஃபீல்டின் மண்டையோட்டைக் கீறியது. இரு தேசத்துக் கிரிக்கெட் சபைகளும் தந்திகளால் போர் புரிந்தன. அப்பால் லார்வுட்டை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், யார்? ஆஸ்திரேலியர் அல்லர், சொந்த நாட்டு எஜமானர்கள். சுரங்கத் தொழிலாளியாயிருந்து வந்த அந்த மனிதர், தலைவர் சொன்னதைச் செய்ததற்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று மறுத்தார். அதன் பிறகு இங்கிலாந்துக்காக அவர் ஆடவேயில்லை. பிளாக்பூலில் மிட்டாய்க்கடை வைத்துக்கொண்டு அடையாளம் தெரியாமல் இருந்தவரைத் தேடிப் பிடித்து, 1950இல் மனைவியோடும் ஐந்து பெண்களோடும் ஆஸ்திரேலியாவில் குடியேற உதவியவர், அந்தப் பந்துகளை எதிர்நின்று வாங்கியவர்களில் ஒருவரான ஜாக் ஃபிங்கிள்டன். முதலில் தங்கிய ஹோட்டல் கட்டணத்தில் பாதியை முன்னாள் பிரதம மந்திரி பென் சிஃப்லி ரகசியமாகக் கட்டினார். 1995இல் இறக்கும்வரை லார்வுட் சிட்னியிலேயே வாழ்ந்தார். தேசத்தின் மண்டையை உடைத்தவருக்கு வாடகை கட்டுவது பங்காளிகளிடையே மட்டும் நடக்கக்கூடியது. அவரையும் பொம் என்று அழைப்பதை யாரும் நிறுத்தியிருக்கமாட்டார்கள், அது தனிக்கணக்கு.

இவ்வளவு நெருங்கிய உறவைச் சட்டத்தில் எழுதப் புகுந்தவர்கள் பட்ட பாடு சொல்லத் தரமன்று. 1998இல் ஹெதர் ஹில் என்பவர் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் பிரஜையாகவும் இருந்தமையால் அது செல்லுமா என்று வழக்கு வந்தது. இரு நாட்டுக்கும் ஒரே ராணி சிங்காதனத்தில் இருக்கையில், பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்கு ஓர் அந்நிய வல்லரசே என்று 1999இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நிய வல்லரசின் பிரஜை சபையில் அமரலாகாது என்னும் அதே விதியின் கீழ் 2017இல் இன்னும் சிலர் பதவி இழந்தார்கள். தகப்பனார் ஸ்காட்லாந்தில் பிறந்த தோஷத்தால் மந்திரி ஃபியோனா நாஷும், வங்காளத்தில் பிறந்து பிரிட்டிஷ் பிரஜையாக நின்றுவிட்ட மால்கம் ராபர்ட்ஸும் அவர்களில் அடக்கம்.

ஆனால் 1984 ஜனவரி 25ஆம் தேதி வாக்காளர் ஜாபிதாவில் இருந்த பிரிட்டிஷார், ஆஸ்திரேலியப் பிரஜையாக ஆகாமலேயே இன்றளவும் அந்நாட்டுத் தேர்தலில் வாக்களிக்கலாம். வாக்களிக்கலாம் என்றா சொன்னேன்? அங்கே வாக்களிப்பது கட்டாயமாதலால் வாக்களித்தே தீரவேண்டும்; அந்நிய வல்லரசின் பிரஜையாகிய கிழவர், தேர்தல் சனிக்கிழமையன்று வாக்குச்சாவடி வாசலில் சுடும் சாசேஜ் வாசனையில் வரிசையில் நின்றாக வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் இருபது டாலர் அபராதச் சீட்டு வீடு தேடி வரும். அதைப் பிரித்துப் படித்துவிட்டு அவர் என்ன சொல்வார் என்பதை அண்டைவீட்டுக்காரர் முன்கூட்டியே அறிவார்.