ஃபிரிட்ஜின் பின்வரிசையில் துயிலும் கெஃபிர்: ஓர் ஆய்வு

கெஃபிர் மணி என்பது யாது எனின், பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டுகளும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் வெள்ளைக் கட்டி என்க. பார்வைக்குக் காலிஃபிளவரை உதிர்த்துப் போட்டது போலிருக்கும். கெஃபிரான் என்னும் வழவழப்பான சர்க்கரைப் பொருளே இக்குடித்தனத்துக்குச் சுவர். பூர்வீகம் வடக்கு காகசஸ் மலைநாடு. அங்கே பாலையும் மணிகளையும் தோல்பையில் இட்டு வாசலில் தொங்கவிடுவார்களாம். போவோர் வருவோரெல்லாம் பையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்களாம். நமது ஆய்வுக்களம் ஃபிரிட்ஜ். அதைத் திறப்பவர் எவரும் பாட்டிலைத் தட்டுவதில்லை, தள்ளி வைக்கிறார்கள்.

கெஃபிரை மறந்து விட்டுவைக்கும் இத்துறையில் முன்னோடிச் சான்று உண்டா எனின், உண்டு. சீனாவின் சின்ஜியாங் பகுதியில், சியாவோஹே இடுகாட்டு மம்மிகளின் தலையிலும் கழுத்திலும் பூசப்பட்டிருந்த வெள்ளைப் பொருள், ஏறத்தாழ 3,500 ஆண்டுப் பழமையான கெஃபிர் பாலாடைக்கட்டி என்று 2024இல் மரபணு ஆய்வு உறுதிசெய்தது. அத்தனை நீண்ட புறக்கணிப்பு இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. நாம் எடுத்துக்கொண்ட கால அளவு, பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் காலம்.

புறக்கணிப்பவர் சோம்பேறி என்பது பொதுக் கருத்து. அது பிழை. ஒழுங்காகப் பால் ஊற்றினால் மணி பெருகும். மணி பெருகினால் பால் கூடுதலாக வேண்டும். பால் கூடினால் கெஃபிர் கூடும். வீட்டில் அதைக் குடிப்பவரோ ஒருவர். அவரும் யாரோ வயிற்றுக்கு நல்லது என்று சொன்னதால் குடிப்பவர். எனவே அளவுக்கு மீறிய கவனிப்பே புறக்கணிப்புக்கு மூலகாரணம் என்பது பெறப்படும்.

இனிக் கண்டெடுப்பு. மாவடு ஜாடியை நகர்த்தும்போது பாட்டில் அகப்படுகிறது. மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்கிறது. மேலே கட்டித் தயிர், கீழே மஞ்சளோடிய தெளிநீர், மூக்கைத் தூக்கும் புளிப்பு. இவ்விடத்தில் குடும்பம் இரு மரபாகப் பிரியும். “கொட்டித் தொலை, வாடை தாங்கல” என்பது மாமியார் மரபு. “இருங்கத்தை, உயிர் இருக்கான்னு பார்த்துடறேன்” என்பது மருமகள் மரபு. புளிப்பும் பிரிந்த நீரும் சாவுக்கு அடையாளமல்ல. பட்டினிக்கு அடையாளம் என்பதால் இக்கட்டுரை மருமகள் பக்கம் நிற்கிறது. ஆனால் இளஞ்சிவப்போ ஆரஞ்சோ படர்ந்திருந்தாலும், பஞ்சுபோல் பூஞ்சை பிடித்திருந்தாலும் மாமியாரே சரி. மறுபேச்சின்றிக் கொட்டிவிட வேண்டும்.

பிழைத்தவற்றை வடிகட்டியில் வடித்து, பழைய பாலைக் கழித்துவிடுக. அஃதேல், குழாயடியில் பளிச்சென்று கழுவலாமே எனின், அற்றன்று. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். கிருமிகளைக் கொல்வதே அதன் வேலை, அதற்கு நம் கிருமி, பிறர் கிருமி என்ற பேதம் கிடையாது. வழவழப்பு அழுக்குமன்று, மேற்சொன்ன சுவர். சற்றே பாலில் அலசினால் போதும்.

பிறகு மணிகள் முழுகும் அளவுக்கு மட்டும் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, அடுப்படியிலிருந்து தள்ளி வைக்கவும். மெலிந்தவற்றுக்கு எடுத்த எடுப்பில் அரை லிட்டர் பாக்கெட்டை உடைத்து ஊற்றுவது பாசமன்று, விரயம். நாளுக்கொருமுறை பாலை மாற்றுக. நம் ஊர் மே மாதமாயின் அதற்கு முன்பே உறைந்துவிடும், எட்டிப் பார்க்கவும். பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் ஒரே வேகத்தில் கண்விழிப்பதில்லை. ஆதலால் முதல் சில நாள் பால் பாலாகவே இருக்கலாம், அல்லது கள் வாடை அடிக்கலாம். அதைக் குடிக்க வேண்டாம்; தண்ணீர் கலந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம். சில வீடுகளில் இவ்வாய்வால் உறுதியாகப் பயனடைந்தது அச்செடி ஒன்றே.

மணி பெருகுகிறதா என்று தினம் துழாவிப் பார்ப்போர் உளர். தேவையில்லை. பால் சீராக உறைந்து, வாடை மோர் வாசனைக்குத் திரும்பினால் மீண்டாயிற்று. பெரும்பாலும் ஓரிரு வாரத்துக்குள் இது நிகழும். அதுவரை நிகழாவிடில் மாமியாரிடம் பாட்டிலை ஒப்படைக்கவும்.

மீண்ட மணிகள் மறுபடி பெருகத் தொடங்கும் என்பதே இம்முறையின் ஒரே குறை. ஆகவே வேண்டுவோர் மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலோடு எந்நேரமும் நம் வீட்டுக்கு வரலாம். கட்டணமில்லை. நிபந்தனை ஒன்றுதான்: திருப்பித் தரக் கூடாது.