மச்சமும் உரைகல்லும்: விருத்தாசலத்து வீட்டுப்பாடம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு வீட்டுப்பாடங்கள் தரப்படுவதாகக் கொள்வோம். ஒன்று, இணையத்தில் கிடைத்த ஒரு செய்தியை நம்பலாமா என்று ஆராய்க. இரண்டு, அறம் சார்ந்த ஒரு வினாவை இருபுறமும் நின்று வாதிடுக. முதலாவதை அண்ணனின் கைபேசியும் இரண்டாவதை அம்மாவும் செய்து முடிப்பது மரபு. கட்டுரை எதுவானாலும் குறளில்தான் தொடங்கும். யார் வாயிலிருந்து வந்தாலும் மெய்யைத் தேடு என்னும் 423ஆம் குறள் தேவைப்படுகிற இடத்தில், எந்தப் பொருளானாலும் மெய்யைத் தேடு என்னும் 355 வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டுக்கும் இரண்டாம் அடி ஒன்றே என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. சரிபார்க்கச் சொல்லும் குறளையே சரிபார்க்காமல் நகலெடுக்கும் இவ்விந்தையே இவ்வாய்வின் தோற்றுவாய். ஆய்வுக்களம், பீங்கான் நகரமாம் விருத்தாசலம்.

2. முன்னோர் ஆய்வுகள்

மணிமேகலையில் அளவைவாதி, அறியும் வழிகளாகிய பத்து அளவைகளை அடுக்குகிறான். புலன்களால் நேரே அறிவது முதலில் நிற்கிறது. பின்னால் வருவனவற்றுள் ஒன்று ஐதிகம்: இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் சொல்ல, நாமும் நம்பிவிடுவது. யுனெஸ்கோ நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததென்று அறிவித்துவிட்டது, 2016இல் வந்த 2000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது ஆகிய வாட்ஸ்அப் செய்திகள் இவ்வகையின. யுனெஸ்கோ அறிவிக்கவுமில்லை, நோட்டில் சிப் இருக்கவுமில்லை. மரங்களை வெட்டிவிட்டதால் பேய் குடும்பக் குழுவுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது என்பதே இவ்வாய்வாளரின் துணிபு.

3. வீசக் கணக்கு

விருத்தாசலத்துக்கு விருத்தகாசி என்றும் பெயர். காசியைவிட வீசம் புண்ணியம் அதிகம் என்பார்கள். வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. கொஞ்சம் அதிகம் என்றிருந்தால் அது பக்தி. வீசம் அதிகம் என்றதும் அது புள்ளிவிவரம் ஆகிவிடுகிறது. அளந்தவர் யார், எந்தப் படியால் அளந்தார், காசிக்காரர்கள் ஒப்புக்கொண்டார்களா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. எண்ணைக் கண்டால் ஐயம் அடங்கிவிடும் என்ற விதி இதனால் நிறுவப்படுகிறது.

4. மணிமுத்தாற்று வழக்கு

பெரியபுராணத்தின்படி, சுந்தரருக்கு இவ்வூர்ச் சிவன் 12,000 பொன் கொடுத்தார். அதை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். புவியியல் இதற்கு ஒத்துழைக்கவில்லை. மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டைப் பக்கம் கடலுக்குப் போகிறது. திருவாரூரோ கொள்ளிடத்துக்கும் தெற்கே. எந்த வழியாக வந்தது என்று தெரியாமல் வந்து சேரும் சரக்குக்கு இதுவே தமிழின் முதற்சான்று எனலாம்.

ஆனால் சுந்தரர் ஒரு காரியம் செய்தார். ஆற்றில் போடுமுன் ஒரு துண்டுப் பொன்னை மச்சமாக, அதாவது மாதிரியாக, வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததை அதனோடு வைத்து உரைத்தபோது மாற்றுக் குறைந்தது. பதிகம் பாடிய பின்பே சரியாயிற்று. உரைத்துப் பார்த்தவர் பிள்ளையார் என்பது திருவாரூர் மரபு. மாற்றுரைத்த விநாயகர் அக்குளமாகிய கமலாலயத்தின் கரையில் இன்றும் இருக்கிறார்.

5. அறவினா

தோழனாகிய சிவன் கொடுத்ததைச் சுந்தரர் சோதிப்பது தகுமா? தகாது என்னும் அணி, கொடுத்தவர் கடவுள் என்று மேசையைத் தட்டும். தகும் என்னும் அணி, மாற்றுக் குறைந்ததே என்று ஒரே வரியில் முடிக்கும். நடுவராகிய பிள்ளையார் மீதும் ஓர் ஆட்சேபம் உண்டு: கொடுத்தவரின் மகனே சோதகர். ஆயினும் அப்பா கொடுத்த பொன் என்று பாராமல் குறையைக் குறை என்றார், அப்பாவும் கோபித்துக்கொள்ளவில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் கடையிலும் நிலைமை அதுவே. ஊறுகாய் ஜாடியை விரலால் சுண்டி, கணீரென்றால் எடுப்பதும் மொட்டையாக ஒலித்தால் வைப்பதும் வாங்குபவர் உரிமை. கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை. பெரியப்பா அனுப்பிய செய்தியைச் சுண்டிப் பார்ப்பதும் பெரியப்பாவைச் சுண்டுவது ஆகாது.

6. பரிந்துரை

பத்துத் தளங்களைத் திறந்து பார் என்று மாணவருக்குச் சொல்வது போதாது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தால் ஒரே பொய் பத்து முறை கிடைக்கும். உரைத்துப் பார்க்க உரைகல் மட்டும் போதாது, மச்சமும் வேண்டும். அதாவது தானே பார்த்து உறுதிசெய்த ஏதோ ஒரு சிறு துண்டு. எனவே வீட்டுப்பாடத்தின் முதல் கேள்வி இணையத்துக்கு வெளியே இருக்கட்டும்: விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலுக்குப் போய்க் கோபுரங்களை எண்ணி வா. ஐந்து என்று எண்ணிவிட்டு வந்த பிள்ளை, நான்கு என்று எழுதியிருக்கும் தளத்தின் மற்ற வரிகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.